நோய் வந்த வழி

(இராஜபாளையத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனா எங்கிருந்து வந்தது என்று பேசச் சொல்லி அழைத்தீர்கள். நான் நாயிலிருந்து தொடங்கப் போகிறேன். இராஜபாளையத்தில் நாயைப் பற்றிப் பேசினால் யாரும் எழுந்து போக மாட்டீர்கள் என்கிற தைரியம்தான்.

இந்த ஊரில் பார்வோ என்றால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குட்டி வளர்த்து விற்பவர்கள் இந்த அவையிலேயே நாலைந்து பேராவது இருப்பீர்கள். காலையில் குட்டி பால் குடிக்காது. மத்தியானம் வாந்தி. இரவில் இரத்தமாகக் கழியும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். எங்கள் வீட்டில் ஒருமுறை ஆறு குட்டிகளில் நாலு போயின. பால் வெள்ளை, ரோஜா மூக்கு, கண் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் தந்தை கண்ணேறு என்றார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "ஊசி போட்டீங்கல்ல, அதுல வந்ததுதான்" என்றார். நாங்கள் ஊசி போட்டது தாய் நாய்க்கு. அதுவும் வெறிநோய்த் தடுப்பூசி. ஆனாலும் அந்தப் பேச்சு தெருவில் நிலைத்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்கள் தெருவில் ஒருவரும் நாய்க்கு ஊசி போடவில்லை.

நான் விலங்கியல் படித்து, பள்ளிக்கூடத்தில் நடத்தி, ஓய்வு பெறும் வயதில்தான் ஒரு சங்கதி தெரிந்துகொண்டேன். அண்ணாச்சி சொன்னதைப் பெரிய பெரிய விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். பார்வோ ஆய்வகத்தில் பிறந்த நோயா என்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

1978க்கு முன்னால் எந்தக் கால்நடை மருத்துவரும் இந்த நோயை நாயிடம் கண்டதில்லை. அந்த வருஷம் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று ஏறக்குறைய ஒரே நேரத்தில் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நாய்க்குலத்துக்கு வந்த உலகப் பெருந்தொற்று அது. 80களின் தொடக்கத்திலேயே இந்தியாவிலும் பதிவாகிவிட்டது. வைரஸைப் பிரித்துப் பார்த்தார்கள். பூனைகளுக்கு வரும் ஒரு பழைய நோயின் வைரஸோடு அது 98 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனது. அந்தப் பூனை நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அதைத் தயாரிக்க வைரஸை ஆய்வகத்தில் உயிரணுக்களில் வளர்ப்பார்கள். வளர்க்கும்போது பூனை வைரஸ் நாய்க்குப் பழகிக்கொண்டதோ? கடல்களைத் தாண்டி எல்லாக் கண்டங்களிலும் ஒரே சமயத்தில் தலைகாட்ட வேண்டுமென்றால், மருந்துக் குப்பியில் ஏறிப் போனால்தானே முடியும்? அந்தச் சந்தேகத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அன்று நான் அங்கே இருந்திருந்தால் முதலில் கைதூக்கிக் கேட்டிருப்பேன்.

விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? உறைபெட்டியிலிருந்து. வேறு எதற்கோ எடுத்து, சீட்டு ஒட்டி, தேதி எழுதி வைத்திருந்த பழைய நாய் இரத்தச் சீரங்களை எடுத்துச் சோதித்தார்கள். கிரேக்க நாட்டில் 1974இல் எடுத்த சீரத்திலேயே இந்த வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 76, 77ஆம் வருஷத்துச் சீரங்களில் இருந்தது. ஆக, 1978இல் திடீரென்று குதிக்கவில்லை. நாலு வருஷமாவது சத்தமில்லாமல் ஐரோப்பாவில் சுற்றியிருக்கிறது. பிற்பாடு மரபணுக்களை ஒப்பிட்டபோது, நாய் வைரஸுக்குத் தடுப்பூசி வைரஸ்களோடு தனிப்பட்ட நெருங்கிய உறவு இல்லை என்று தெரிந்தது. மிங்க், நரி போன்ற ஏதோ ஒரு காட்டு ஊனுண்ணி வழியாக வந்திருக்கலாம் என்பதுதான் இப்போதைய எண்ணம். எந்த விலங்கு என்று இன்றுவரை யாரும் சுட்டிக்காட்டவில்லை. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது.

இவ்வளவு நேரம் நாயைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. கொரோனா விஷயத்தில் நாம் எதைத் தேடுகிறோம், எதைத் தொலைத்தோம் என்பதற்கு இந்தக் கதைதான் எனக்கு அளவுகோல்.

டீக்கடையில் "அது லேப்ல செஞ்சதுங்க" என்று சொல்கிறோம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று கதைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆயுதமாகச் செய்து வேண்டுமென்றே விட்டார்கள் என்பது ஒன்று. ஆராய்ச்சிக்காக வைரஸை மாற்றியமைத்தபோது கைதவறி வெளியே போனது என்பது இரண்டாவது. குகையில் வௌவாலிடமிருந்து எடுத்த இயற்கையான வைரஸ், எடுத்தவருக்கோ ஆய்வகத்தில் கையாண்டவருக்கோ தொற்றி ஊருக்குள் வந்தது என்பது மூன்றாவது. முதலாவதை அமெரிக்க உளவுத்துறைகளே 2021இல் தள்ளிவிட்டன. மற்ற இரண்டும் நியாயமான கேள்விகள். முதல் கதையைச் சொல்பவரை மறுக்கும் ஆதாரத்தைக் கொண்டுபோய் மூன்றாவது கதையைக் கேட்பவரின் வாயை அடைப்பதுதான் இந்த விவாதத்தில் நடந்த பெரிய குளறுபடி.

நம் நாட்டுப் பங்கும் இதில் உண்டு. 2020 ஜனவரி 30ஆம் தேதி, வூஹானிலிருந்து திருச்சூருக்குத் திரும்பிய மாணவி ஒருவருக்குத் தொற்று உறுதியானது. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி. மறுநாளே டெல்லி ஐஐடியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு முன்வரைவுக் கட்டுரையை வெளியிட்டார்கள். புதிய வைரஸின் கூர்முனைப் புரதத்தில் நான்கு துண்டுகள் எச்ஐவி வைரஸில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றன, இது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்று எழுதினார்கள். உலகம் முழுக்கத் தீப்பிடித்தது. குறை எங்கே என்றால், அந்தத் துண்டுகள் மிகச் சிறியவை. அந்த அளவு சிறிய துண்டுகள் எத்தனையோ உயிரிகளின் புரதங்களில் கிடக்கும். பால்கோவா என்ற சொல்லுக்குள் கோவா இருக்கிறது. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கோவாவிலிருந்து வந்தது என்று ஒருவர் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் விடுவார்களா? (சிரிப்பு) உலகமெங்கும் இருந்து இதைச் சுட்டிக்காட்டினார்கள். இரண்டே நாளில், பிப்ரவரி 2ஆம் தேதி, அவர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தவறைத் திரும்பப் பெறுவது கௌரவமான காரியம். ஆனால் செய்தி திரும்பி வரவில்லை. போன வருஷம்கூட என்னிடம் ஒரு பட்டதாரி, "எச்ஐவிய உள்ள சொருகியிருக்கான் சார்" என்றார்.

எச்ஐவி என்றதும் இன்னொரு டெல்லிக் கதை ஞாபகம் வருகிறது. 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த பேட்ரியட் என்ற நாளிதழில் பெயரில்லாத கடிதம் ஒன்று வெளியானது. எழுதியவர் புகழ்பெற்ற அமெரிக்க விஞ்ஞானி என்று போட்டிருந்தது. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க இராணுவம் போர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் செய்தது, அடுத்த சோதனையைப் பாகிஸ்தானில் நடத்தப் போகிறார்கள் என்பது கடிதத்தின் சாரம். இந்தியர்களைப் பயமுறுத்த வேறென்ன வேண்டும்? இரண்டு வருஷம் கழித்து ஒரு சோவியத் வார இதழ் அந்த டெல்லிச் செய்தியைச் சான்றாகக் காட்டி மறுபடி எழுதியது. அப்புறம் அது எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. உண்மையில் கடிதம் எழுதியது சோவியத் உளவுத்துறையான கேஜிபி. சோவியத் யூனியன் உடைந்த பிறகு, 1992இல், ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமக்கோவ் அதை ஒப்புக்கொண்டார். எச்ஐவியின் பூர்வீகம் மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சிகள். அதற்கும் சான்றில் ஒன்று, காங்கோவில் 1959இல் எடுத்துப் பத்திரப்படுத்திய ஒரு மனிதரின் இரத்தம்தான். பேட்ரியட் கடிதம் வந்து மூன்று வருஷம் கழித்து, 1986இல், நம் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டுபிடித்தது. அப்போதும் ‘அமெரிக்காக்காரன் அனுப்பியது’ என்று சொன்னவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன்.

இதைச் சொன்னதும், "பாத்தீங்களா, லேப் கதை எல்லாமே கட்டுக்கதைதான்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதே சோவியத் நாட்டில் அதற்கு நாலு வருஷம் முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

யூரல் மலைப் பக்கம் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் என்று ஒரு நகரம். 1979 ஏப்ரலில் அங்கே ஆட்கள் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனைக்கு வந்து, சில நாளில் செத்தார்கள். ஆந்த்ராக்ஸ். நம் கிராமத்தில் ஆடுமாட்டுக்கு வரும் அடைப்பான் நோய். அரசு சொன்ன விளக்கம், நோய்ப்பட்ட மாட்டின் இறைச்சியைச் சாப்பிட்டார்கள் என்பது. அந்நகரில் ஓர் இராணுவக் கிருமி ஆய்வுக்கூடம் இருந்தது. அமெரிக்கா அதைக் கைகாட்டியது, சோவியத் மறுத்தது. 1988இல் சோவியத் மருத்துவர்கள் அமெரிக்காவுக்கே வந்து இறைச்சிக் கதையை விவரமாக, படங்களோடு சொன்னார்கள். ஹார்வர்டு பேராசிரியர் மாத்யூ மெசல்சன், கிருமி ஆயுதங்களை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர், அவரே அதை நம்பத்தக்கது என்றார்.

1992இல் அதே மெசல்சன் ஒரு குழுவோடு அந்த நகரத்துக்குப் போனார். மருத்துவமனைப் பதிவேடுகளைக் கேஜிபி எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஆனால் பிணப் பரிசோதனை செய்த அப்ரமோவா, கிரின்பெர்க் என்ற இரண்டு மருத்துவர்கள் திசுக்களையும் குறிப்புகளையும் பதின்மூன்று வருஷம் ஒளித்துக் காப்பாற்றியிருந்தார்கள். இறைச்சி தின்று வந்த அடைப்பான் குடலைத்தான் முதலில் தாக்கும். அந்தத் திசுக்கள் சொன்னது வேறு. நோய் நெஞ்சு வழியாக, மூச்சில் போயிருந்தது. குழுவில் ஜீன் கில்லமின் என்றொரு சமூகவியலாளர். அவர் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டினார். கல்லறைகளில் பெயரையும் தேதியையும் படித்தார். உங்கள் வீட்டுக்காரர் ஏப்ரல் முதல் வாரம் பகலில் எங்கே இருந்தார், எந்தத் தொழிற்சாலை, எந்த ஷிப்ட் என்று ஒவ்வொரு விதவையிடமும் கேட்டார். 66 மரணங்கள். அவர்கள் பகலில் இருந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் ஒரு குறுகிய பட்டையாக இராணுவக் கூடத்தில் தொடங்கித் தெற்கே நாலு கிலோமீட்டர் ஓடின. அதே திசையில் இன்னும் தள்ளி, 50 கிலோமீட்டர் வரை, கிராமங்களில் ஆடுமாடுகள் செத்திருந்தன. வானிலைப் பதிவைப் புரட்டினார்கள். ஏப்ரல் 2, திங்கட்கிழமை, காற்று வடக்கிலிருந்து அந்தக் கோட்டில்தான் அடித்திருக்கிறது. களத்தில் தூற்றும்போது பதர் காற்றுவாக்கில் போய் விழுமே, அப்படி விழுந்திருக்கிறார்கள் மனிதர்கள்.

1994இல் அந்த வரைபடம் சயன்ஸ் இதழில் வந்தது. விவாதம் தீர்ந்தது. நானறிந்தவரை இந்தத் துறையில் இதைவிட நேர்த்தியான துப்பறிதல் கிடையாது. ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஒப்புக்கொண்டதால் தீரவில்லை. எந்தக் கல்லறையில் எந்தத் தேதி என்று யாரோ செதுக்கி வைத்திருந்ததால் தீர்ந்தது.

1977இல் திரும்பி வந்த எச்1என்1 காய்ச்சலையும் ஒரு வரி சொல்லி விடுகிறேன். அது 1950 வாக்கில் உலவிய வைரஸோடு கிட்டத்தட்ட அச்சாக ஒத்திருந்தது. இருபத்தைந்து வருஷம் இயற்கையில் மாறாமல் ஒரு காய்ச்சல் வைரஸ் இருக்காது. யாரோ ஒருவருடைய உறைபெட்டியிலோ தடுப்பூசிச் சோதனையிலோ இருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான வைரஸ் அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆகவே மனிதன் தவறி ஒரு தொற்றை உலகத்தில் விட்டுவிட மாட்டானா என்றால், விட்டிருக்கிறான்.

இப்போது டெல்லியைச் சுற்றிக்கொண்டு நம் மலைக்கு வருகிறேன்.

டெல்லியில் 1969இல் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து கொசு ஒழிப்பு ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கின. ஆண் கொசுக்களை மலடாக்கி விடுவது திட்டம். பணம், நமக்குக் கோதுமை அனுப்பிய அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தின் பணம். மூத்தவர்களுக்கு அந்தக் கோதுமை ஞாபகம் இருக்கும். 1974இல் பிடிஐ செய்தி நிறுவனம் ஒரு கேள்வி எழுப்பியது: மலேரியா கொசுவை விட்டுவிட்டு, மஞ்சள் காய்ச்சல் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசுவின்மேல் அமெரிக்கப் பணத்துக்கு இவ்வளவு அக்கறை ஏன்? கிருமிப் போருக்கான ஒத்திகையா? நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 1975 ஏப்ரலில் காரசாரமாக அறிக்கை கொடுத்தது. சோனிபட்டில் நடக்க இருந்த பரிசோதனை நின்றது. அந்த வருஷமே ஆய்வுப் பிரிவு மூடப்பட்டது. ஆயுதம் என்பதற்குச் சான்று எதுவும் வெளிவரவில்லை. ஆனால், நம் மண்ணில் எடுக்கும் தகவல் யாருக்குச் சொந்தம், நம் விஞ்ஞானிகளுக்கே முழுதாகத் தெரியுமா என்று அந்தக் குழு கேட்டது சரியான கேள்வி. அதற்கு வெளிப்படையாகப் பதில் சொல்லியிருந்தால் ஆராய்ச்சி பிழைத்திருக்கும். ஐப்பசி மழைக்குப் பின் டெங்கு வார்டு நிரம்பும்போதெல்லாம் எனக்கு அந்த மூடிய கூடம் நினைவுக்கு வரும். டெங்குவைப் பரப்புவது அதே ஏடிஸ் கொசுதான்.

அதே அறிக்கையில் இன்னொரு திட்டத்தின்மேலும் சந்தேகம் விழுந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் காலில் வளையம் மாட்டி வலசையை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் அமெரிக்கப் பணம் வந்திருந்தது. அதை நடத்தியவர் சாலிம் அலி. பறவை மனிதரே உளவுக்குத் துணைபோனாரா என்று கேட்கும் நிலை வந்தது.

சாலிம் அலி பெயரில் ஒரு வௌவால் உண்டு. 1948இல் நம் மேகமலையில் ஹட்டன் என்பவர் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண வகை என்று தவறாகச் சீட்டு ஒட்டப்பட்டு அந்தக் கழகத்தின் பெட்டியில் இருபத்து நாலு வருஷம் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்து, இது உலகத்துக்கே புதிய பேரினம் என்று கண்டு, சாலிம் அலியின் பெயரை வைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணில் காடும் மேகமலையும் 2021 முதல் ஒரே புலிகள் காப்பகம். அந்த வௌவால் நம் காப்பகத்துப் பிராணி. பெட்டியையும் பிடித்த ஊரையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் தவறான சீட்டைக்கூடத் திருத்த முடிந்தது.

2020இல் வௌவால்களுக்குக் கெட்ட காலம். ஏப்ரலில் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது: கேரளம், இமாச்சலம், புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இடங்களில் இரண்டு வகைப் பழந்தின்னி வௌவால்களில் கொரோனா வகை வைரஸ்கள் இருந்தன. அவை மனிதருக்கு நோய் தரும் என்பதற்குச் சான்றில்லை என்றும் அதே ஆய்வில் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மாந்தோப்பில், வௌவால் தொங்கிக்கொண்டிருந்த பழைய மருத மரத்தை வெட்டக் கோடாலியோடு போய்விட்டார்கள். தோப்புக்காரரின் தாயார் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டதால் பிழைத்தது. தீபாவளிக்குக்கூட வௌவாலுக்காக வெடி போடாத ஊர்கள் இருக்கும் தமிழ்நாட்டில்தான் இதுவும் நடந்தது.

அதே சமயத்தில் நாகாலாந்து விவகாரமும் கிளம்பியது. அங்கே வௌவால் வேட்டையாடும் மக்களின் இரத்தத்தில் எபோலா குடும்பத்து வைரஸ்களுக்கான எதிர்ப்புப் பொருள் இருப்பதைப் பெங்களூரு தேசிய உயிரியல் மையம் 2019 அக்டோபரில் வெளியிட்டிருந்தது. கட்டுரை ஆசிரியர்களில் வூஹான் ஆய்வகத்தாரும் இருந்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணமும் இருந்தது. ஐயோ, வூஹான்! விசாரணை. மாதிரிகள் எதுவும் வெளிநாடு போகவில்லை, அவர்கள் கொடுத்தது சோதனைப் பொருள்கள்தான் என்று பெங்களூரு மையம் விளக்கியது. ஆராய்ந்த வைரஸ் கொரோனாவும் இல்லை. 1975 திரும்பி வந்தது போல எனக்கு இருந்தது.

சரி, வூஹான்.

ஆய்வகத்தைச் சந்தேகிப்பவர்கள் கையில் என்ன இருக்கிறது? வௌவால் கொரோனா வைரஸ் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அதே நகரத்தில் இருக்கிறது. அங்கே வைத்திருந்த ஒரு வைரஸ், ஆர்ஏடிஜி13, கொரோனாவோடு 96 விழுக்காடு ஒத்தது. அது வந்த இடம் யுன்னான் மாநிலத்தில் ஒரு கைவிடப்பட்ட சுரங்கம். 2012இல் அங்கே வௌவால் எச்சத்தை அள்ளிய ஆறு தொழிலாளர்கள் நிமோனியாவில் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். இந்தத் தொடர்பைத் தோண்டி எழுதியவர்களில் புனேயைச் சேர்ந்த மோனாலி ரஹால்கரும் ராகுல் பஹுலிகரும் முக்கியமானவர்கள். அவர்கள் வைரஸ் துறைக்காரர்கள்கூட இல்லை. அந்தக் கட்டுரை 2020 அக்டோபரில் வந்தது. அடுத்த மாதமே வூஹான் குழு தன் பழைய கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்புச் சேர்த்துச் சுரங்கத்து நோயாளிகளைப் பற்றிச் சொன்னது. கேட்டவர்கள் கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருப்பார்களா? அப்புறம், கொரோனா வைரஸில் பியூரின் வெட்டுமிடம் என்று ஒன்று இருக்கிறது. அதன் நெருங்கிய உறவு வைரஸ்களில் அது இல்லை. அதுபோன்ற வெட்டுமிடத்தைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று 2018இல் வூஹானும் பங்கெடுத்த ஓர் ஆராய்ச்சி விண்ணப்பம் அமெரிக்காவில் போடப்பட்டது. பணம் கிடைக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் வெளியே தெரிய 2021 ஆயிற்று. வூஹானின் வைரஸ் தரவுத்தளம் 2019 செப்டம்பரில் இணையத்திலிருந்து போனது, திரும்பவில்லை.

வூஹானின் சந்தையில் விலங்கு வழியே வந்தது என்பவர்கள் பக்கம் என்ன இருக்கிறது? 2019 டிசம்பரில் நோய்ப்பட்டவர்களில் 155 பேருடைய வீடுகளை வரைபடத்தில் வைத்தால் ஹுவானான் சந்தையைச் சுற்றி மொய்க்கின்றன. சந்தைக்குப் போகாதவர்களின் வீடுகளும்தான். சந்தைக்குள் தரையிலும் கூண்டிலும் துடைத்தெடுத்த மாதிரிகளில் வைரஸ் அதிகம் அகப்பட்ட தென்மேற்கு மூலையில்தான் உயிருள்ள காட்டு விலங்குகளை விற்றார்கள். அந்தத் துடைப்புகளில் ரக்கூன் நாயின் மரபுப் பொருளும் சேர்ந்து கிடைத்தது. நம் நாய்க்கு ஒன்றுவிட்ட உறவு அது. ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கிறார்கள். 2017 மே முதல் 2019 நவம்பர் வரை வூஹான் சந்தைகளில் 47,381 காட்டு விலங்குகள் விற்றதை முன்பே ஓர் ஆய்வுக்குழு கணக்கெடுத்து வைத்திருந்தது. முதல் சார்ஸும் 2002இல் இதே போலத்தான், புனுகுப் பூனைச் சந்தை வழியே வந்தது.

மெசல்சனின் வரைபடம் நினைவுக்கு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சந்தையில்தான் நோய் என்று நினைத்துச் சந்தைப் பக்கம் தேடினால் சந்தைப் பக்கம்தான் நோயாளி கிடைப்பார் என்ற ஆட்சேபத்தைச் சுலபமாகத் தள்ள முடியாது. சந்தையை 2020 ஜனவரி 1இல் மூடிக் கழுவிவிட்டார்கள். விலங்குகளைச் சோதிக்கும் முன்பே அகற்றிவிட்டார்கள். எந்த விலங்கிடமும் வைரஸ் நேரடியாகக் கிடைக்கவில்லை.

(அவையில் ஒருவர்: "அப்ப உங்க முடிவு என்னதான் சார்?")

சொல்கிறேன், ஐயா. நழுவ மாட்டேன். என் மதிப்பீட்டில் தராசு சந்தைப் பக்கம் சாய்கிறது. வரைபடம், விலங்குகள் விற்ற மூலை, முந்தைய சார்ஸ் மூன்றும் சேர்ந்து எனக்குக் கனமாகப் படுகின்றன. ஆய்வகப் பக்கம் இருப்பவை வலுவான சந்தேகங்கள். ஆனால் கொரோனாவோ அதன் நேரடி மூதாதையோ 2019க்கு முன் அந்த ஆய்வகத்தில் இருந்தது என்று காட்டும் ஒரு துண்டுச் சீட்டும் இதுவரை வெளிவரவில்லை. நாளைக்கே அப்படி ஒரு சீட்டு வந்தால் இதே மேடையில் நின்று மாற்றிச் சொல்வேன்.

இதற்கும் மேல் ஒன்று சொல்ல வேண்டும். என் சொந்தக் கட்சியைப் பற்றி. 2020 பிப்ரவரியில் லான்செட் இதழில் விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை வந்தது. இயற்கைத் தோற்றம் இல்லை என்று சொல்வதெல்லாம் சதிக் கதை என்று அதில் கண்டித்தார்கள். நோய் தெரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதைத் திரட்டியவர் வூஹான் ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்த நிறுவனத்தின் தலைவர். அந்தத் தொடர்பு அப்போது அறிக்கையில் சொல்லப்படவில்லை. மறு வருஷம்தான் இதழ் அதைச் சேர்த்து வெளியிட்டது. விஞ்ஞானத்தின் பெயரால் நடந்த காரியங்களில் எனக்கு வெட்கம் தந்த ஒன்று அது. எங்கள் தெரு அண்ணாச்சியை நம்ப வைக்கும் தகுதியை நாங்களே அன்று கொஞ்சம் இழந்தோம்.

உலக சுகாதார நிறுவனம் 27 பேர் கொண்ட நிபுணர் குழுவை 2021இல் அமைத்தது. நம் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவில் இருந்த டாக்டர் ராமன் கங்காகேட்கரும் அதில் அமர்த்தப்பட்டார். 2025 ஜூனில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. கிடைத்த சான்றுகளின் எடை விலங்கு வழித் தொற்றைக் காட்டுகிறது. ஆனால் ஆரம்ப நோயாளிகளின் வைரஸ் மரபுத் தொடர்கள், சந்தை விலங்குகளின் விவரம், ஆய்வகங்களின் பாதுகாப்புப் பதிவுகள் ஆகியவற்றைச் சீனா தரவில்லை. தராதவரை எந்தக் கருத்தையும் விலக்க முடியாது என்றது. அமெரிக்க உளவுத்துறை சிஐஏ அதே வருஷம் ஜனவரியில் ஆய்வகம் என்றது. நம்பிக்கை அளவு குறைவு என்று அதிலேயே போட்டிருந்தது. நம் ஊர்ப் பத்திரிகையில் முதல் பாதி தலைப்பாயிற்று. இரண்டாம் பாதி காணவில்லை.

சீனா அந்தப் பதிவேடுகளைத் தருமா, நானறியேன். அதைப் பெற நம்மால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் நம் கையில் இருக்கும் பதிவேடுகள் உண்டு. அவற்றுக்காக ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன்.

நாய் வளர்ப்பவர்கள், குட்டிக்குப் பார்வோ வந்தால் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை குட்டி, தாய்க்கு எப்போது எந்த ஊசி, புதிதாக எந்த ஊரிலிருந்து நாய் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் செத்த கோழியை ஓடைப்பக்கம் வீசாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆடு திடீரென்று விழுந்தால் அறுக்காதீர்கள், அடைப்பானாக இருக்கலாம். மருத்துவர் இரத்தம் எடுக்க வேண்டும் என்றால் எடுக்க விடுங்கள். செண்பகத்தோப்புப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் வௌவால் கடித்த மாம்பழத்தைச் சாப்பிட வேண்டாம். மரத்தையும் வெட்ட வேண்டாம்.

இனி நீங்கள் கேட்கலாம். இரவு ஷிப்டுக்கு மில்லுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.